டேக்கே இல்லாத டேக் டீம் சண்டை

ஜூன் 2, டிவி மல்யுத்தம் (டபிள்யூடபிள்யூஇ) பற்றி ஒரு கேள்வி:
"டேக் டீம் மோதல் என்றால் ஹார்டி, டட்லி, எட்ஜ்-கிறிஸ்டியன் மூன்று ஜோடியும் மோதியதுதான். ஏணி, மேஜை, நாற்காலி. அதற்கு முன்னால் நாலு பேர் மாறி மாறி மூலையில் நின்று நேரத்தை ஓட்டினார்கள். பின்னால் அதுவும் கிடையாது. மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்."

ஜூன் 2, இரவு 11.20

காரணத்தோடு வருகிறேன். நீங்கள் சொல்லும் மேஜை, ஏணி, நாற்காலி மேட்சில் (டிஎல்சி) எத்தனை டேக், அதாவது கூட்டாளி கையைத் தட்டி ஆள் மாறுவது, நடந்தது, எண்ணிப் பார்த்தீர்களா? பூஜ்யம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே. மூலையில் நின்று கை நீட்டுகிறவன் எவனும் இல்லை. டேக் டீம் சரித்திரத்திலேயே பெரிய சண்டை என்று நீங்கள் சொல்வதில் டேக்கே கிடையாது. கல்யாணமே நடக்காத கல்யாண மண்டபம் மாதிரி.

வருஷத்துக்கு ஒரு தரம் வரும் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில், 2000இல், ஜெஃப் ஹார்டி மேலே தொங்கவிட்ட சாம்பியன் பெல்ட்டைப் பிடித்து அந்தரத்தில் தொங்க, எட்ஜ் ஏணி உச்சியிலிருந்து பாய்ந்து ஸ்பியர் (தோளால் இடிப்பது) அடித்ததைப் பார்த்து நானும் கத்தியவன்தான். ஆனால் அது சர்க்கஸ்.

ஜூன் 2, இரவு 11.45

சர்க்கஸ் என்றது கொஞ்சம் அதிகம். தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை

சரி. நான் சொல்ல வந்தது ரிக்கி மார்ட்டன்.

80களில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் என்று ஒரு ஜோடி. ரிக்கி மார்ட்டன், ராபர்ட் கிப்சன். இரண்டு பேருமே சின்ன உருவம். எதிரே மிட்நைட் எக்ஸ்பிரஸ்: பாபி ஈட்டன், டென்னிஸ் காண்ட்ரி. காண்ட்ரி போன பிறகு ஸ்டான் லேன் வந்தார். அவர்களுக்கு மேனேஜர் ஜிம் கார்னெட், கையில் ஒரு டென்னிஸ் ராக்கெட். 1984இல் மிட்-சவுத் கம்பெனியில் ஆரம்பித்து, அப்புறம் ஜிம் கிராக்கெட் கம்பெனியிலும் இவர்கள் மோதினார்கள். ஊர் ஊராக, ராத்திரி ராத்திரி.

கதை ஒன்றுதான். முதல் ஐந்து நிமிஷம் நல்லவர்கள் கை ஓங்கும். பிறகு ரெஃபரி திரும்பிய நேரத்தில் ஒரு குறுக்கு அடி. மார்ட்டன் மாட்டிக்கொள்வார். அங்கிருந்து பத்து நிமிஷம் அடி, மிதி, முகத்தைக் கயிற்றில் தேய்ப்பது. மார்ட்டன் தரையில் ஊர்ந்து ஊர்ந்து தன் மூலைக்கு வருவார். ரிங்கின் மூலையில் (டர்ன்பக்கிள்) கட்டிய சின்னக் கயிறு ஒன்று இருக்கும், வெளியே நிற்கிறவன் அதைப் பிடித்தபடிதான் கை நீட்ட வேண்டும். கிப்சன் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பையே நீட்டுவார். இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு சாண். அப்போது ஈட்டன் காலைப் பிடித்து இழுத்துவிடுவார்.

இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. மார்ட்டன் நிஜமாகவே கையைத் தட்டிவிடுவார். கூட்டம் எழுந்துவிடும். ஆனால் கார்னெட் ஏப்ரன் (கயிற்றுக்கு வெளியே இருக்கும் விளிம்பு) மேல் ஏறிக் கூச்சல் போட்டதில் ரெஃபரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்காத டேக் செல்லாது. கிப்சனை வெளியே போகச் சொல்வார். கிப்சன் அவரோடு வாதாட, பின்னால் மிட்நைட் ஜோடி டேக் செய்யாமலே ஆள் மாறிக்கொள்ளும். ரெஃபரி திரும்பியதும், 'டேக் பண்ணினோம்' என்று தங்கள் உள்ளங்கைகளையே சத்தமாகத் தட்டிக் காட்டுவார்கள். அந்தத் தட்டல் சத்தம் கேட்டாரே தவிர ரெஃபரி பார்க்கவில்லை. ஆனால் அதை ஒத்துக்கொள்வார்! அரங்கத்தில் இருக்கிற ஒவ்வொருவனுக்கும் நியாயம் தெரியும், தெரிய வேண்டிய ஒரே ஆளுக்குத் தெரியாது. இதைவிடக் கோபம் வர ஒருவனுக்கு என்ன வேண்டும்?

கடைசியில் கை தொடும்போது கூரை பிய்த்துக்கொண்டு போகும். ஹாட் டேக். கிப்சன் உள்ளே வந்து எல்லோரையும் உதைப்பார். யார் ஜெயித்தார்கள் என்பது அதற்கப்புறம் இரண்டாம் பட்சம்.

மல்யுத்தக்காரர்கள் இன்றைக்கும் டேக் மேட்சில் அடி வாங்கும் பொறுப்பை 'ரிக்கி மார்ட்டனாக இருப்பது' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு மனிதரின் பெயரே வேலையின் பெயராகிவிட்டது. 2017இல் இந்த ஜோடியை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது மேடையேறி அறிமுகப்படுத்தியவர் யார் தெரியுமா? ராக்கெட்டால் அவர்களை அடித்த அதே கார்னெட்.

இதுதான் என் காரணம். நேரம் ஓட்டுவது என்று நீங்கள் சொன்ன அந்தப் பத்து நிமிஷம்தான் சரக்கே.

ஜூன் 3, மதியம்

'மல்யுத்தத்தில் புக்கிங் என்கிறார்களே, டிக்கெட்டா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. யார் ஜெயிப்பது, எந்த ஊரில், எந்த மாதிரி என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானிப்பது புக்கிங். தீர்மானிப்பவர் புக்கர். கெட்டவன் ஹீல், நல்லவன் ஃபேஸ். 'இதெல்லாம் பொய்தானே' என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது.

ஜூன் 5

விஷயத்துக்கு வெளியே. ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கோவில்பட்டியில் ஆச்சி வீட்டுத் தார்சாதான் எங்கள் ரிங். நானும் சித்தப்பா மகனும் ஒரு டீம், தெருப் பையன்கள் இரண்டு பேர் எதிர் டீம். ஜன்னல் கம்பியில் ஆச்சியின் பாவாடை நாடாவைக் கட்டியிருந்தோம், அதுதான் டேக் கயிறு. தம்பி என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஒல்லி. அதனால் அவன்தான் எப்போதும் முதலில் உள்ளே போவான், அடி வாங்குவான், ஊர்ந்து வருவான். நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு 'வாடா வாடா' என்று கத்துவேன். கை பட்டதும் குதித்து உள்ளே போய் இரண்டு பேரையும் கவிழ்த்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வருவேன். ரிக்கி மார்ட்டன் என்ற பெயரே அப்போது எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தராமலே இந்த ஏற்பாட்டுக்கு வந்திருந்தோம்.

ஒரு லீவில் தம்பி மச்சுப்படியிலிருந்து நார்க்கட்டில் மேல் குதித்துக் கட்டிலின் காலை உடைத்தான். அதோடு சங்கம் கலைக்கப்பட்டது.

அந்தக் காலத்து மல்யுத்த டிரம்ப் கார்டு ஞாபகம் இருக்கிறதா? உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க். அதில் நான் எத்தனையோ மத்தியானங்களை விட்டிருக்கிறேன். கூட்டாளி யார் என்று எந்தக் கார்டிலும் ஒரு வரி இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஜூன் 7

நான் எழுதியதில் தப்பு. யாரும் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எட்ஜ் அந்த ஸ்பியரை அடித்தது 2000 ரெசில்மேனியாவில் இல்லை. 2001 ஏப்ரல் 1, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், இரண்டாவது டிஎல்சி. 2000இல் அனஹைமில் நடந்தது முக்கோண ஏணிச் சண்டை. அதில்தான் ஜெஃப் உயரமான ஏணியிலிருந்து மேஜை மேல் கிடந்த பப்பா ரே டட்லி மீது தலைகீழாக விழுந்தது. குழப்பத்துக்குக் காரணம் ஒரு வாடகை வீசிடி. இந்த மூன்று ஜோடியும் மோதிய மூன்று சண்டையையும் வெட்டி ஒட்டி ஒரே சண்டை மாதிரி பதிந்திருந்தார்கள். இருபது வருஷமாக என் தலைக்குள் ஜெஃப் ஒரே ராத்திரியில் மூன்று தரம் விழுந்துகொண்டிருந்தார்.

நேற்று எல்லாவற்றையும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். கேள்வி கேட்டவரிடம் பாதி மன்னிப்பு.

1999 அக்டோபர், கிளீவ்லாண்ட், நோ மெர்சி என்ற நிகழ்ச்சி. ஹார்டிகளும் எட்ஜ்-கிறிஸ்டியனும் ஏணிச் சண்டை. பரிசு ஒரு லட்சம் டாலர் என்று கதை. ஹார்டிகள் ஜெயித்தார்கள். 2000 ஜனவரியில் ராயல் ரம்பிள், மாடிசன் ஸ்கொயர் கார்டன்: ஹார்டிகளும் டட்லிகளும் மேஜைச் சண்டை. ஏப்ரலில் அனஹைம், மூன்று ஜோடியும். ஆகஸ்டில் வட கரோலினாவின் ராலி, முதல் டிஎல்சி. அப்புறம் ஹூஸ்டன். ஒன்றரை வருஷம். ஏணி ஹார்டிகளுடையது, மேஜை டட்லிகளுடையது, நாற்காலி எட்ஜ்-கிறிஸ்டியனுடையது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஆயுதத்தை முதலில் பழக்கிவிட்டு, பிறகு மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்தார்கள். சர்க்கஸ்காரன் இப்படித் திட்டம் போடமாட்டான்.

இன்னொன்று. பெல்ட்டைக் கழற்றினால் வெற்றி என்பதால் யாரும் யாருக்கும் தோளைத் தரையில் வைத்து மூன்று எண்ண விடுவதில்லை. தோற்றவன் எங்கேயோ உடைந்த மேஜைக்குள் கிடப்பான், அவ்வளவுதான். மூன்று ஜோடியையும் மோத விட்டு ஒருவர் மானமும் போகாமல் காப்பாற்ற இது நல்ல தந்திரம்.

அடுத்ததைக் கவனியுங்கள். அனஹைம், ராலி, ஹூஸ்டன், மூன்றிலும் ஜெயித்தது எட்ஜ்-கிறிஸ்டியன். ஹார்டிகள் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ராலி அவர்கள் சொந்த மாநிலம், அங்கேயும் இல்லை. சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் ஜெஃப் பெல்ட்டைப் பிடித்துத் தொங்க, எட்ஜும் கிறிஸ்டியனும் ஏணியால் இடித்துக் கீழே தள்ளினார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஜெஃப் பெயரைத்தான்.

அப்படியானால் அங்கேயும் ஒரு ரிக்கி மார்ட்டன் இருந்திருக்கிறார். கை நீட்டியது கூட்டாளியை நோக்கி இல்லை, பெல்ட்டை நோக்கி. எட்டாத தூரம் அதே ஒரு சாண்.

ஜூன் 7, பின்னிரவு

அந்த வருஷத்துக் கூத்து ஒன்றை விட்டுவிட்டேன். 2000 செப்டம்பரில் ஹார்டிகள் கூண்டுச் சண்டையில் பெல்ட்டை வாங்கிவிட்டார்கள். இவர்கள் சாம்பியனாக இருக்கும்வரை எட்ஜ்-கிறிஸ்டியனுக்கு வாய்ப்பு இல்லை. என்ன செய்தார்கள்? உச்சி முதல் பாதம் வரை தங்க நிறத்தில் உடை, முகமூடி, 'லாஸ் கான்கிஸ்டடோர்ஸ்' என்று பெயர். அக்டோபர் நோ மெர்சியில் மாறுவேடத்தில் வந்து பெல்ட்டை அடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் 'ரா' என்ற வாராந்திர நிகழ்ச்சியில் ஹார்டிகள் அதே தங்க உடையை மாட்டிக்கொண்டு வந்து பெல்ட்டைத் திரும்பப் பிடுங்கினார்கள். கன்னத்தில் ஒட்டு மச்சம் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் பெரிய அதிர்ச்சி இல்லை.

ஜூன் 12

'நல்ல ஜோடியைப் பிரிப்பது ஏன்?' சோம்பேறித்தனம். இரண்டு பேரில் ஒருவன் தனியாக ஓடுவான் என்று தோன்றினால் இன்னொருவனைப் பலி கொடுக்கிறார்கள். 1992 ஜனவரியில் ஒளிபரப்பான ராக்கர்ஸ் ஜோடியின் பிரிவுதான் இதற்கு அச்சு. சலூன் கடை மாதிரிப் போட்ட 'பார்பர் ஷாப்' பேட்டி செட். ஷான் மைக்கேல்ஸும் மார்ட்டி ஜானெட்டியும் சமாதானம் ஆகிக் கட்டிப்பிடிக்கிறார்கள். ஒரே உதை. பிறகு ஜானெட்டியைத் தூக்கிக் கடையின் கண்ணாடி ஜன்னல் வழியே எறிகிறார் மைக்கேல்ஸ். மைக்கேல்ஸ் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார். ஜானெட்டி பெயர் வசவாகத் தங்கிவிட்டது. இன்றைக்கும் புது ஜோடி வந்தால் ரசிகர்கள் கேட்பது 'இதில் யார் மார்ட்டி ஜானெட்டி?'

ஜூன் 13

சோம்பேறித்தனம் என்று பொதுவாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மெகா பவர்ஸ் ஜோடி ஞாபகம் வந்தது.

ஹல்க் ஹோகன், ராண்டி சாவேஜ். 1987 கடைசியில் சாவேஜ் அடி வாங்கும்போது அவர் மேனேஜரும் மனைவியுமான எலிசபெத் உள்ளே ஓடிப்போய் ஹோகனை அழைத்து வருகிறார், சண்டைக்குப் பின் கைகுலுக்கல். 1988 மார்ச், நான்காவது ரெசில்மேனியா, ஹோகன் உதவியோடு சாவேஜ் சாம்பியன். அங்கிருந்து ஒரு வருஷம் ஒன்றும் பெரிதாக நடக்காது. ஹோகன் எலிசபெத் தோளில் கை வைப்பார், சாவேஜ் கண் ஒரு நொடி அங்கே போய்விட்டு வரும். அவ்வளவுதான். 1989 பிப்ரவரியில் சாவேஜ் கயிற்றுக்கு வெளியே எலிசபெத் மேல் விழ, ஹோகன் ஆட்டத்தை விட்டுவிட்டு மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். ரிங்கில் சாவேஜ் தனி. ஹோகன் திரும்பி வந்ததும் அவர் கன்னத்தில் சாவேஜின் அறை. ஏப்ரல் 2, அட்லாண்டிக் சிட்டி, இருவரும் மோதியதில் ஹோகன் ஜெயித்தார்.

சின்ன வயதில் சாவேஜ் கெட்டவர், ஹோகன் நல்லவர். இப்போது கல்யாணமானவனாகப் பார்த்தால் சாவேஜ் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ என்று படுகிறது. அடுத்தவன் மனைவியை அத்தனை தரம் தூக்கவேண்டிய அவசியம் என்ன?

ஜூன் 13, இரவு

பிரிவு என்று பேச்சு வந்தபிறகு டிஐஒய் என்ற ஜோடி பற்றிச் சொல்லாமல் முடியாது. ஜானி கார்கானோ, டொமாசோ சியாம்பா. 2016 நவம்பர் 19, என்எக்ஸ்டி (புது வீரர்களுக்கான பிரிவு) நடத்திய டேக்ஓவர் டொரண்டோ, ரிவைவல் ஜோடியோடு மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய சண்டை. அந்த முடிவை மட்டும் இருபது தரம் பார்த்திருப்பேன். டிஐஒய் ஜோடி, ரிவைவல் இருவரையும் ஆளுக்கொரு பூட்டில் பூட்டியிருக்கிறார்கள். மாட்டிய இருவர் முகமும் எதிரெதிரே. வலி தாங்காமல் தரையைத் தட்டிவிட்டால் தோல்வி. ஒருவன் தட்டப் போக, மற்றவன் எட்டி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான், தட்டாதே என்று. இருவரும் கையைக் கோத்தபடி தாங்குகிறார்கள். பிறகு முடியாமல் இருவரும் சேர்ந்தே தட்டுகிறார்கள். இந்த ரிவைவல் ஜோடி ஹீல்கள்! கெட்டவர்களுக்கு இத்தனை பாசத்தை யார் எழுதினார்களோ, கை எடுத்துக் கும்பிடலாம்.

ஆறு மாதம் கழித்து, 2017 மே 20, சிகாகோ. டிஐஒய் ஏணிச் சண்டையில் தோற்று நிற்கிறது. கூட்டம் எழுந்து கை தட்டுகிறது. திரையின் மூலையில் காப்பிரைட் வரி வந்துவிட்டது. அந்த வரி வந்தால் நிகழ்ச்சி முடிந்தது, சேனலை மாற்றலாம் என்பது எத்தனையோ வருஷப் பழக்கம். நான் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் சியாம்பா கார்கானோவைப் பிடித்துத் திரைச்சுவரில் எறிந்தார். காப்பிரைட் வரியை வைத்து ஏமாற்றலாம் என்று யோசித்தவன் புக்கர் இல்லை, திருடன்.

காயத்தில் மாதக்கணக்காக வெளியே இருந்துவிட்டு வந்தபோது சியாம்பாவுக்கு நுழைவுப் பாட்டே போடவில்லை. கூட்டத்தின் திட்டுதான் பாட்டு. 2018 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் கார்கானோ கணக்குத் தீர்த்த அன்றைக்கும் அப்படியே.

ஜூன் 15

முதல் கேள்விக்காரர் 'பின்னால் அதுவும் கிடையாது' என்றாரே, அதற்கு. 2017, ஊசோஸ், நியூ டே என்று இரண்டு டீம். ஜூலையில் நியூ டே பெல்ட்டை வாங்கியது, ஆகஸ்டில் ஊசோஸ், செப்டம்பரில் நியூ டே, அக்டோபர் 8 ஹெல் இன் எ செல்லில் திரும்பவும் ஊசோஸ். தாளில் எழுதினால் பந்து விளையாட்டு மாதிரி இருக்கும். பார்த்தால் ஒவ்வொரு தரமும் முந்தையதை ஞாபகம் வைத்திருக்கும் சண்டை. ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் இவர்களை எங்கே போட்டார்கள்? முக்கிய நிகழ்ச்சி தொடங்குமுன் வரும் கிக்ஆஃபில். ஜனங்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இடம் தேடி உட்காரும் நேரத்தில். பந்தியில் பிரியாணியை முதலில் வைத்துவிட்டு, ஆள் வருவதற்குள் இலையை எடுத்த கதை.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரல் 1, 39ஆவது ரெசில்மேனியா முதல் நாள், ஊசோஸ் எதிர் கெவின் ஓவன்ஸ், சாமி ஜெயின். டேக் பெல்ட் ஒன்று ரெசில்மேனியாவின் கடைசி ஆட்டமாக வந்தது அதுதான் முதல் தரம். 1985இல் முதல் ரெசில்மேனியாவின் கடைசி ஆட்டமும் டேக் மேட்ச்தான், ஆனால் பெல்ட் இல்லை. 38 வருஷம் காத்திருந்தார்கள். ஊசோஸ் 622 நாள் வைத்திருந்த பெல்ட் போனது.

ஜூன் 16

622 என்பது ஸ்மாக்டவுன் என்ற வாராந்திர நிகழ்ச்சியின் பெல்ட் கணக்கு. 'ரா' நிகழ்ச்சியின் பெல்ட் அவர்களிடம் 2022 மேயில்தான் சேர்ந்தது. எண் விஷயத்தில் இங்கே யாரும் விடமாட்டீர்கள் என்று தெரியும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டெமாலிஷன் ஜோடி பெல்ட் வைத்திருந்தது 478 நாள், அதை முறியடித்த நியூ டே 483. ஐந்தே ஐந்து நாள் வித்தியாசம். வாங்கிய நாளிலிருந்து காலண்டரைக் கிழித்துக்கொண்டே வந்து, சாதனை கைக்கு வந்ததும் இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஜூன் 20

ரிவைவல் ஜோடி கம்பெனி மாறி எஃப்டிஆர் ஆனது எல்லோருக்கும் தெரியும். 2022இல் பிரிஸ்கோ சகோதரர்களோடு மூன்று சண்டை. ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் மூன்றில் இரண்டு, டிசம்பர் 10 அன்று நாய்ப்பட்டையும் சங்கிலியும் கட்டி ஒன்று. முதல் இரண்டு எஃப்டிஆருக்கு, கடைசி பிரிஸ்கோக்களுக்கு. ஐந்து வாரம் கழித்து, 2023 ஜனவரி 17, ஜே பிரிஸ்கோ கார் விபத்தில் இறந்துபோனார்.

அந்த ஜூலை சண்டையைப் பார்க்கலாம் என்று போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அண்ணன் கை நீட்டுகிறார், தம்பி நீட்டுகிறார், பட்டுக்கொள்கிறது. இதில் எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 28

தம்பி போன் பண்ணினான். இங்கே எழுதியதை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அவன் சொன்ன திருத்தங்களை அப்படியே போடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவான்.

ஒன்று, ஜன்னலில் கட்டியது பாவாடை நாடா இல்லை. பெரியப்பாவின் வேட்டிக் கரையைக் கிழித்தது. அதற்கு அடி வாங்கியவன் அவன்.

இரண்டு, சின்னவன் என்பதால் முதலில் போகவில்லை. 'நீ முதல்ல போனா அழுதுருவேண்ணே. அதான் நான் போனேன்.' இதை நான் மறுக்கப் பார்த்தேன். அவன் தேதி, இடம், அழுத காரணம் எல்லாம் சொன்னான். மறுக்கவில்லை.

மூன்று, எதிர் டீம் பையன்களின் அக்கா ஒருத்தி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம். அவன் ஊர்ந்து வருவதைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று கடலைமிட்டாய் கொடுப்பாளாம். வாரம் முழுக்க. எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. இதை இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருக்கிறான்.

நான்கு, கட்டில் காலை உடைத்தது அவன் இல்லையாம்.

ஜூன் 28, இரவு

சரி, நான்தான்.